அகழி உட்பக்கம்

பதினோராவது கொண்டை ஊசி வளைவில்
ஜீப்பை நிறுத்தச் சொல்லி வாந்தியெடுத்தேன்.
"ஏழாம் மாசத்துல எதுக்கு மேடம் மலை?"
தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார் ஜெகநாதன்.
வெள்ளிக்கிழமைக்குள் எண்ணிக்கை வேண்டுமாம்.
காப்பித் தோட்டத்தை வில்லாக்களாக அறுக்கிறவர்கள்
எந்தப் புல எண்ணில் எத்தனை கல்திட்டை என்று
கேட்டிருக்கிறார்கள்.
என் விடுப்பு விண்ணப்பத்தின் ஓரத்தில்
இணை இயக்குநரின் பச்சை மை:
பணி முடித்தபின் பரிசீலிக்கலாம்.

நாகலூர் தாண்டி, சில்வர் ஓக் நிழலில், முதலாவது.
மூன்று பலகைக்கல், ஒரு மூடுகல்.
உள்ளே மிளகுக்கொடிச் சருகும் ஒரு பிராந்திக் குப்பியும்.
நாடாவின் ஒரு முனையை வெள்ளச்சி பிடித்தாள்.
இரண்டு மீட்டர் பத்து.
குனிந்து எழுதினேன். விலாவில் ஓர் உதை.
எழுத்து கோணியது.

அப்போதுதான் மாஹா வந்தாள்.
நம் மகா இல்லை;
தொண்டைக்குள்ளிருந்து இருமுவதுபோல ஒரு ஹா.

அயர்லாந்தில், ஆர்மா ஊருக்கு மேற்கே,
ஒரு பச்சை மேட்டின் காலடியில்
ஓர் இலையுதிர்காலம் மண் சலித்திருக்கிறேன்.
அரசர்கள் கூடிய இடம்.
அங்கே ஒருத்தன் பீற்றிக்கொண்டான்:
ராஜாவின் குதிரைகளைவிட என் பெண்டாட்டி வேகம்.
கூட்டி வா என்றான் ராஜா.
நிறைவயிறோடு வந்தாள்.
பெற்றுவிட்டு ஓடுகிறேன் என்றாள்.
உங்களையும் ஒருத்திதானே பெற்றாள் என்றாள்.
பரிசீலிக்கவில்லை.
ஓடினாள். ஜெயித்தாள்.
எல்லைக்கோட்டிலேயே இரட்டைப் பிள்ளை.
எழுந்திராமலே சொன்னாள்:
உங்களுக்கு ஆகாத நேரம் பார்த்து
ஐந்து பகல் நான்கு இரவு
இந்த வலி வரும், ஆம்பிளைகளா,
ஒன்பது தலைமுறைக்கு.
இன்றும் அந்த இடத்தின் பெயர்
மாஹாவின் இரட்டையர்.
ராஜாவின் பெயர் புத்தகத்தில் இருக்கும்,
தேட வேண்டும்.

மண் வேறொன்று சொன்னது.
வளையம் வளையமாய்க் கருவாலிமரத் தூண்கள் நட்டு
நாற்பது மீட்டருக்கு ஒரு கூடம் கட்டியிருக்கிறார்கள்.
ஒருவரும் குடியிருக்கவில்லை.
உள்ளே கல்லை நிரப்பி, தீ வைத்து,
மேலே மண் போட்டு மூடிவிட்டார்கள்.
கட்டியதே அதற்குத்தான்.

இன்னொன்றும் உண்டு.
கோட்டை என்றால் அகழி வெளியே, கரை உள்ளே.
ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.
அங்கே கரை வெளியே, அகழி உள்ளே.
யாரும் நுழையாமலிருக்க வெட்டியதில்லை.
உள்ளே இருப்பது தாண்டி வராமலிருக்க.

நான்காவது கல்திட்டையில் ஒரு குரங்கு
என் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு மேலே உட்கார்ந்தது.
அந்த ஐரிஷ் மேட்டிலும்
ஒரு குரங்கின் மண்டையோடு கிடைத்தது,
ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறிப் போனது.
எந்த ராஜாவுக்கு வேடிக்கை காட்டியதோ,
எந்தக் குளிரில் செத்ததோ.
இதற்கு அதெல்லாம் தெரியாது.
சிவப்பு வெள்ளைக் கட்டங்களை
நக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டது.

பிள்ளையார் மேடையில் வழவழப்பாய்ப் பத்துப் பதினைந்து கல்.
கற்காலக் கோடாரிகள்.
உழும்போது தட்டுப்பட்டதைக் கொண்டுவந்து
வைத்துவிடுவார்களாம்.
அதற்கும் ஒரு வரி எழுதினேன்.

பதினேழு ஆனதும் நாடாவைச் சுருட்டினாள் வெள்ளச்சி.
"அந்தப் பக்கம்?" சரிவைக் காட்டினேன்.
"இருக்குது."
"எத்தனை?"
என் வயிற்றைப் பார்த்தாள்.
"உள்ள இருக்கறத எண்ணக் கூடாது."
தெரியும், ஸ்கேனில் இரண்டு என்று
நான் யாருக்கும் சொல்லவில்லை.

பதினேழு என்று எழுதினேன்.
குறிப்புப் பத்தியில்:
எஞ்சியவை உண்டு. எண்ணிக்கை அறியப்படவில்லை.
அகழி எந்தப் பக்கம் என்று தெரியாதவரை
தோண்ட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை சேலம் அலுவலகம்.
நாற்காலி காலி.
"சார் ஐந்து நாள் லீவு மேடம்.
ராத்திரியெல்லாம் கத்தினாராம்.
தரையில் புரண்டாராம்.
கிட்னியில் கல்."

அளவு கேட்டேன்.
ஏழு மில்லிமீட்டர்.
குறித்துக்கொண்டேன்.